விதித்தளர்வு கேட்டுக் கந்தோர் ஏறப்போகிறீர்களா? மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவின் வளவை எங்கள் மூன்று பெண்களுக்கும் பிரித்தபோது எனக்கு வந்தது வீதிப் பக்கத்துத் துண்டு. ஏழரைப் பேர்ச். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், இன்றைய நிலைமைக்கு அது சின்னத் துண்டு என்று சொல்ல முடியாது. வீட்டுப் படத்தைக் கொண்டு போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வீதிக்காக விட வேண்டிய தூரத்தை விட்டால் முன்னறையே இல்லை. அந்தத் தூரத்தில் கொஞ்சம் தளர்த்தித் தாருங்கள் என்று கேட்கப் போய்ப் பதினொரு மாதம் அலைந்தேன். அதில் ஏழு மாதம், எதை யாரிடம் எந்தக் கடதாசியோடு கேட்பது என்று தெரியாததால் மட்டுமே வீணாகியது. அந்த ஏழு மாதம் உங்களுக்குப் போகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் அனுபவம் கட்டட அனுமதியோடு சம்பந்தப்பட்டது. ஆனால் தொலைந்த ஆவணத்துக்குப் பதில் வேறொன்றை ஏற்கச் சொல்லும்போதும், முடிந்துபோன கால எல்லையைத் தாண்டி விண்ணப்பிக்கும்போதும் கந்தோர் உங்கள் கோவையைப் பார்க்கிற விதம் பெரும்பாலும் இதேதான்.

1. அந்த விதி எதில் இருக்கிறது என்று கேளுங்கள்

"இது ரூல்ஸ், ஒண்டும் செய்யேலாது" என்று கவுண்டரில் சொல்லும்போது திரும்பி வந்துவிடாதீர்கள். "இந்த விதி சட்டத்தில இருக்கா, வர்த்தமானியில இருக்கா, சுற்றறிக்கையில இருக்கா?" என்று பணிவாகக் கேளுங்கள். இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலக்குக் கேட்கலாமா இல்லையா என்பதே இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

பாராளுமன்றச் சட்டத்திலோ கட்டளைச் சட்டத்திலோ இருக்கும் தடையை எந்த அதிகாரியும் தன் விருப்பத்துக்குத் தளர்த்த முடியாது. அந்தச் சட்டமே இடம் கொடுத்தால்தான் உண்டு. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியை, எழுத்து மூலமான முன்சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. வாங்கி, வீடு கட்டி, பத்து வருடம் இருந்த பிறகு "விலக்குத் தாருங்கள்" என்று டி.எஸ். (பிரதேச செயலாளர்) கந்தோரில் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது கொடுக்கக்கூடிய ஒன்றாகவே இருக்கவில்லை.

வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதி அடுத்த தட்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் மற்றும் அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் 2021 யூலை 8ஆம் திகதிய 2235/54ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் இருக்கின்றன. பிரகடனப்படுத்தப்பட்ட நகரப் பகுதிகளில் வீடு கட்டுகிறவர் பார்க்க வேண்டியது இது. இப்படியான விதிகளில், எந்த வாசகத்தைத் தளர்த்தலாம், எந்தக் குழு தளர்த்தலாம் என்பது விதிக்குள்ளேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வாசகத்தின் இலக்கம்தான் உங்கள் கடிதத்தின் உயிர்.

சுற்றறிக்கை இன்னும் இளகியது. அதை வெளியிட்டவர், அல்லது அவருக்கு மேலே இருப்பவர், தனியொரு விடயத்தில் தளர்த்தலாம்.

கடைசித் தட்டு, எங்கேயும் எழுதப்படாத கந்தோர்ப் பழக்கம். "ஆறு மாதத்துக்குள்ள எடுத்த பிரதிதான் வேணும்", "ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தில டி.எஸ். கையொப்பமும் வேணும்" என்பவற்றில் சில உண்மையான விதிகளாக இருக்கலாம், சில வெறும் பழக்கம். சுற்றறிக்கை இலக்கத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும். பழக்கத்துக்கு விலக்கு மனுத் தேவையில்லை. மேலதிகாரியிடம் ஒரு தடவை பேசினால் போதும்.

2. தளர்த்தும் அதிகாரம் எந்தக் கதிரைக்கு?

எனக்கு முதல் மூன்று மாதம் போனது இங்கேதான். காணி விடயம் என்றால் எல்லாம் பிரதேச செயலகம் என்ற நினைப்பில் டி.எஸ்.ஸுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மூன்றாவது மாதம் நேரே போய்க் கேட்டபோது, இது எங்களுக்கு உரிய விடயமில்லை என்றார்கள். அன்று பின்னேரம் பக்கத்து வளவில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடம் சொல்லி மனம் ஆறப் போனேன். அவர் சொன்னார்: "கடிதம் மனிசருக்கு எழுதுறதில்ல மனே, கதிரைக்கு எழுதுறது. எந்தக் கதிரைக்கு அதிகாரம் இருக்கெண்டு முதல்ல பாரு."

வீட்டுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. சபையின் திட்டமிடல் குழு கூடித்தான் தளர்வு பற்றி முடிவெடுக்கும். தவிசாளரோ ஆணையாளரோ தனியே "செய்து தாறன்" என்று சொன்னால் அதை வாக்குறுதியாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது உங்கள் முன் வீதி யாருடையது என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று போகும் ஏ4, திருகோணமலைக்குப் போகும் ஏ15, செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் ஏ5 எல்லாம் அந்த வகை. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மீதி ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் சபைக்கு. ஏ4 ஓரத்தில் காணி வைத்துக்கொண்டு பிரதேச சபையிடம் மட்டும் தளர்வு கேட்டால், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதம் எங்கே என்று கோவை திரும்பி வரும்.

எழுவான்கரைக்காரர்களுக்கு இன்னொரு தடை உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தம், கடலோடு தொடுக்கும் வாவிகளின் ஓரத்தில் 100 மீற்றரையும் சேர்த்துவிட்டது. உங்கள் துண்டு அதற்குள் விழுந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும். சபை எவ்வளவு தளர்த்தினாலும் அந்த அனுமதிக்கு அது ஈடாகாது. கடலிலிருந்து மட்டும் அளந்துவிட்டு வாவிப் பக்கத்தை அளக்காமல் விடுகிறவர்கள் அதிகம். இரண்டையும் அளவுங்கள்.

3. முடிவெடுக்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்கிறோம். அந்த மேசையில் இருப்பவர்கள் தேடுவது வேறு. என் கோவை இரண்டு தடவை குழுவுக்குப் போனது. கூட்டக் குறிப்பையும் கள அறிக்கையையும் பிறகு வாசித்தேன். அவற்றில் நான் கண்ட கேள்விகள் இவை.

முதலாவது, விதியின் நோக்கம் கெடுமா. வீதிக்கோடு என்பது நாளைக்கு வீதி அகலமானால் அதன் விளிம்பு வந்து நிற்கும் கோடு. கட்டடக்கோடு அதற்கும் உள்ளே, நிரந்தரக் கட்டடம் தொடங்கக்கூடிய கோடு. இரண்டுக்கும் இடையில் வெளி விடச் சொல்வது வீதி விரிவுக்கும், மூலையில் வாகனம் தெரிவதற்கும், மழைத்தண்ணீர் ஓடுவதற்கும். மாரியில் எங்கள் ஒழுங்கைகள் எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே "எனக்கு இடம் போதாது" என்பதோடு நிற்காமல், "முன்னால் விடும் துண்டில் கொங்கிரீட் போட மாட்டேன், வடிகானை மூட மாட்டேன், மூலை மதிலை உயர்த்த மாட்டேன்" என்று எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் கொடுத்தவராவீர்கள்.

இரண்டாவது, இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததா, எல்லோருக்கும் உள்ளதா. எல்லோருக்கும் உள்ளது என்றால் விலக்குக் கிடைக்காது. அதற்கு விதியையே மாற்ற வேண்டும். வேலைக்கான வயதெல்லை தாண்டிவிட்டது, எனக்கு மட்டும் தளர்த்துங்கள் என்று பட்டதாரிப் பிள்ளைகள் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகின்றன. அதே வயதுக்காரர் ஆயிரம் பேர் விண்ணப்பிக்காமல் வீட்டில் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர்களுக்கு அநீதி. அங்கே தனி மனு எழுதி ஒரு வருடத்தைக் கரைக்க வேண்டாம்.

மூன்றாவது, கஷ்டத்தை நீங்களே உண்டாக்கினீர்களா. எனக்கு வியர்த்தது இந்தக் கேள்விக்குத்தான். "காணியைத் துண்டாக்கியது நீங்கள்தானே, துண்டாக்கும்போது தெரியாதா?" என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அம்மா உறுதி எழுதிய திகதி, துண்டுபிரிப்புக்கு அனுமதி எடுத்த படம், இது விற்பனைக்கான கட்டடம் இல்லை, நான் குடியிருக்கும் வீடு என்பதற்கான ஜி.எஸ். கடிதம், இவற்றை வைத்துத்தான் பதில் சொன்னேன். விற்பதற்காகப் பிரித்த துண்டுகளுக்கு இந்தப் பதில் இருக்காது.

நான்காவது, கேட்பது தேவைக்கு மட்டுமா. மூன்று அடி போதும் என்கிற இடத்தில் ஆறு அடி கேட்டால் முழுவதும் விழும்.

ஐந்தாவது, உங்களுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கும் கொடுக்க வேண்டி வருமா. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்கிறது. அதிகாரிக்கு அது பயம், உங்களுக்கு ஆயுதமும்கூட. இதே ஒழுங்கையில் இதே நிலையில் இன்னொருவருக்குத் தளர்வு கொடுத்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டைக் காட்டி "அவர் கட்டியிருக்கிறாரே" என்று சொல்லாதீர்கள். சட்டவிரோதமான ஒன்று முன்னுதாரணம் ஆகாது. அயலவரோடு பகையும் வரும்.

ஆறாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: ஓடிட், அதாவது கணக்காய்வு. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், அரசுக்கு வரும் நட்டத்தை உத்தியோகத்தர்களின் சொந்தப் பணத்திலிருந்து அறவிட இடம் கொடுக்கிறது. கையொப்பம் வைக்கிறவர், நாளைக்கு யாராவது "ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கோவையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார். அதை நீங்களே தயாராகக் கொடுங்கள். கட்டடக்கோட்டுத் தளர்வில் அப்படி ஒன்று உண்டு: வீதி அகலமாக்கப்படும்போது அந்தப் பகுதிக்கு நட்டஈடு கோரமாட்டேன் என்ற உடன்படிக்கை. அதற்குச் சம்மதம் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. கடதாசிகள், செலவு

நான் கொடுத்தவை: உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுச் சாறு, நில அளவைப் படம், வீட்டுப் படம், அந்த வருடச் சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், ஜி.எஸ். கடிதம், சத்தியக்கடதாசி, இரண்டு பக்கத்து அயலவர்களின் ஆட்சேபணை இல்லைக் கடிதம். கடைசியானதை யாரும் கேட்கவில்லை. ஆனால் கள ஆய்வுக்கு வந்தவர் அதைப் பார்த்ததும் கேள்விகளைக் குறைத்தார்.

வீதிக்கோட்டுச் சான்றிதழை மறந்ததால்தான் எனக்கு இன்னொரு நான்கு மாதம் போனது. சபையில் கொடுத்த விண்ணப்பம் அந்த ஒரு தாள் இல்லாமல் ஒரு மேசையில் கிடந்தது. அதை எனக்கு யாரும் அறிவிக்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. விண்ணப்பம் கொடுக்கும் அன்றே "இதில் ஏதும் குறை இருக்கா, பார்த்துச் சொல்லுங்கோ" என்று நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உறுதி தொலைந்துவிட்டதா? 2004 சுனாமியிலும் இடப்பெயர்வுகளிலும் அலுமாரியோடு போன உறுதிகள் இங்கே எத்தனையோ. பயப்படாதீர்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் எழுதிய திகதியும் தெரிந்தால் தேடுவது சுகம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் எல்லைகளையும் வைத்துத் தேட வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

எனக்கு நில அளவையாளருக்கு 32,000 ரூபா, படவரைஞருக்கு 25,000 ரூபா போனது. சபைக் கட்டணம் கட்டடத்தின் அளவைப் பொறுத்தது, ஒவ்வொரு சபையிலும் வேறுபடும். சத்தியக்கடதாசியில் சமாதான நீதவான் வைக்கும் கையொப்பத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய நில அளவைப் படத்தை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வீதி ஓரத்து எல்லைக்கல் நகர்ந்திருந்தால் நீங்கள் கேட்கும் அடிக்கணக்கே பிழைக்கும்.

5. கடிதம் எழுதுதல்

ஒரு பக்கம் போதும். நான் முதலில் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் என் குடும்பக் கதை. பிறகு எழுதிய கடிதத்தின் ஒழுங்கு இதுதான். தலைப்பில் விண்ணப்ப இலக்கமும் வீதியின் பெயரும். முதல் பந்தியில் எந்த ஒழுங்குவிதியின் எந்த வாசகத்தில் எத்தனை அடி தளர்வு கேட்கிறேன் என்று ஒரே வசனம். அடுத்து, முழுத் தூரத்தையும் விட்டால் மீதி எவ்வளவு என்று அளவோடு. பிறகு விதியின் நோக்கம் ஏன் கெடாது என்பது. கடைசியில் நான் ஏற்கும் நிபந்தனைகள். கீழே இணைப்புகளின் பட்டியல், இலக்கமிட்டு.

தமிழில் எழுதுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. அது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கொழும்பிலிருக்கும் தலைமைக் கந்தோரிலிருந்து விளங்காத மொழியில் பதில் வந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். அதற்காகக் காத்திருக்கும் நாட்களில் மேன்முறையீட்டுக் காலம் ஓடிவிடாமல், கடிதம் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதிவையுங்கள்.

அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் இணைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் முடிவு, வேண்டாம். ஓடிட்டுக்குப் பயப்படுகிற உத்தியோகத்தர் அதைப் பார்த்தால் கூடுதலாகப் பின்வாங்குவார்.

6. கையளித்த பிறகு

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றில் திகதி முத்திரையும் பதிவேட்டு இலக்கமும் வாங்காமல் படி இறங்க வேண்டாம். முத்திரை தர மறுத்தால் வெளியே வந்து பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தச் சின்னப் பற்றுச்சீட்டுப் போதும். டி.எஸ். கந்தோரில் நான் இழந்த மூன்று மாதத்துக்கு என் கையில் ஒரு முத்திரைகூட இருக்கவில்லை. அதனால் அதைப் பற்றி முறையிடவும் முடியவில்லை.

விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார், திட்டமிடல் குழு அடுத்து எப்போது கூடும், அதற்கு எத்தனை நாள் முன் கோவை தயாராக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் காலம் பார்த்துத் தொடங்குவது முக்கியம். நவம்பரிலிருந்து யனவரி வரை மாரி. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கள ஆய்வு தள்ளிப்போகும். அல்லது அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் பாதகமாகவே எழுதுவார்கள். வருட முடிவில் இடமாற்றமும் வரும். உங்கள் கோவையைத் தெரிந்தவர் போய்ப் புதியவர் வருவார். பெப்ரவரி, மார்ச்சில் கொடுத்துவிடுவது நல்லது.

கள ஆய்வு நாளில் வீட்டில் நில்லுங்கள். எல்லைக்கல்லைத் துப்புரவாக்கி, கேட்கும் கோட்டைக் கயிறு கட்டிக் காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் "நான் முடிச்சுத் தாறன், மேல கொஞ்சம் குடுக்க வேணும்" என்று ஒருவர் வருவார். கொடுப்பவருக்கும் அது குற்றம். இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி 1954. காசு கொடுத்து வாங்கிய தளர்வு பின்னால் கேள்விக்கு வந்தால் இரத்தாகும். அப்போது நிற்பது உங்கள் சுவர்.

அனுமதி வரும் முன் அத்திவாரம் வெட்டவே வேண்டாம். "கட்டிப்போட்டுப் பிறகு கேட்டாத் தருவாங்க" என்பது நம் ஊரில் ஓடும் மிக மோசமான ஆலோசனை. அனுமதி இல்லாத கட்டடத்தை இடித்தகற்ற நீதவான் நீதிமன்றத்தில் சபை கட்டளை எடுக்கலாம். பிந்திய அனுமதி கிடைத்தாலும் கட்டணம் பல மடங்கு.

7. பதிலே இல்லை, அல்லது ஒரு வரியில் "முடியாது"

எனக்கு வந்தது ஒரு வரி. "தங்களது கோரிக்கை நிராகரிக்கப்பட்டுள்ளது என்பதை அறியத் தருகிறேன்." ஏன் என்று இல்லை. இங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுத்தது. அதன் 35ஆம் பிரிவின்படி, உங்களைப் பாதிக்கும் முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டால் உத்தியோகத்தர் தர வேண்டும். இந்தப் பிரிவைத் தெரிந்தவர்கள் குறைவு.

நான் தகவல் உத்தியோகத்தருக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் நான்கு விடயம் கேட்டேன்: நிராகரித்ததற்கான காரணம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கள அறிக்கைப் பிரதி, என் கோவை பேசப்பட்ட கூட்டக் குறிப்பின் அந்தப் பகுதி, கடந்த மூன்று வருடத்தில் அதே வீதியில் கொடுத்த தளர்வுகளும் அவற்றின் நிபந்தனைகளும், ஆட்களின் பெயர் நீக்கி. பெயரை நீக்கச் சொல்லாவிட்டால் தனிப்பட்ட தகவல் என்று முழுவதையும் மறுக்க வாய்ப்புண்டு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆர்.டி.ஐ. 01 படிவம் இருக்கிறது. வெறும் கடிதமும் போதும். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தருவதென்றால் அடுத்த 14 நாளில் தர வேண்டும். காரணம் காட்டி இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். ஏ4 அளவுத் தாள் பிரதிகளில் முதல் நான்கு பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. எனக்குப் பதினான்கு பக்கம் வந்தது. இருபது ரூபா கட்டினேன்.

அந்தப் பதினான்கு பக்கத்தில் என் பதினொரு மாதத்தின் விடை இருந்தது. முன்னறைக்காக நான் கேட்ட தூரத்தில் குழுவுக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. படவரைஞர், நான் சொல்லாமலே, முன்பக்கம் ஒரு வாகனத் தரிப்பிடக் கூரையை வரைந்திருந்தார். அது வீதிக்கோட்டைத் தொட்டது. மறுத்தது அதற்காக. எங்களிடம் வாகனமே இல்லை. கூரையை வெட்டிய புதிய படத்தோடு திரும்பக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. நீங்கள் கையொப்பம் வைக்கும் படத்தில் ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்துக் கேட்டுவிட்டு வையுங்கள்.

தகவல் தராவிட்டால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

8. காரணம் தெரிந்தும் ஏற்க முடியாவிட்டால்

முதலில் அதே குழுவிடம், மாற்றத்தோடு மீள்பரிசீலனை. மறுபடியும் அதே கடிதத்தை அனுப்பினால் அதே பதில்தான் வரும். சபைகளின் விடயத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர், அதற்கு மேல் திருகோணமலையிலுள்ள மாகாண உள்ளூராட்சித் திணைக்களம். நிருவாக அநீதி என்று ஒம்புட்ஸ்மனுக்கும் (நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர்) எழுதலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

உங்களை மட்டும் வேறுபடுத்தி நடத்தினார்கள் என்றால் நாளை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. அதிகாரமில்லாமல் எடுத்த முடிவை இரத்துச் செய்ய நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கும் வழியும் உண்டு. அதற்குச் சட்டத்தரணி வேண்டும். வசதி இல்லாதவர்கள் மட்டக்களப்பில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள்.

9. அனுமதி கையில் வந்ததும்

நிபந்தனைகளை வாசியுங்கள். நட்டஈடு கோராமை உடன்படிக்கையில் கையொப்பம் வைத்தால் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி உறுதியோடு சேர்த்து வையுங்கள். பிறகு காணி யார் கைக்குப் போனாலும் இந்தக் கடதாசியும் கூடவே போக வேண்டும். என் மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது காட்ட வேண்டும் என்று நான் உறுதிக் கோவையின் முதல் பக்கத்திலேயே குத்தி வைத்திருக்கிறேன். அனுமதிப்பத்திரத்தில் காலாவதித் திகதி இருக்கும். அதற்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் முடிவதற்கு முன்னமே நீடிப்புக் கேளுங்கள். வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுங்கள். தளர்வு கொடுத்த அடிக்கணக்கைத் தாண்டியிருக்கிறதா என்று அப்போது திரும்ப அளப்பார்கள். மேசனிடம் முதல் நாளே அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுக் காட்டிவிடுங்கள்.